மலையகக் காட்சியும் மக்கள் வரலாறும்: உல்லாசப் பயணம் பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் மத்திய மலைநாட்டைக் காண வருவோருக்கு வழிகாட்டி நூல்கள் மூன்று பொருள்களை எடுத்துக் காட்டுகின்றன. இயற்கை, கோயில், பண்பாடு என்பன அவை. மலையும் மூடுபனியும் அருவியும் இயற்கை என்ற தலைப்பில் அடங்கும். இராமாயணக் கதையோடு தொடர்புபடுத்தப்படும் இடங்கள் கோயில் என்பதனுள் வரும். பண்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட பக்கத்தில் பெரும்பாலும் கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணொருத்தியின் நிழற்படம் இருக்கும். அப்படத்தின் கீழ் அவளது பெயர் இராது.

இம்மூன்றும் தனித்தனியே நிற்பன அல்ல என்பதும், அவற்றை இணைத்து நிற்பது ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கால உழைப்பின் வரலாறே என்பதும் இக்கட்டுரையில் நாம் விளக்க முற்படும் கருத்தாகும். நுவரெலியா, அட்டன் ஆகிய இரு நகரங்களைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளையே பெரிதும் எடுத்துக்கொள்கிறோம். தேவை நேருமிடத்து மாத்தளைக்கும் கம்பளைக்கும் சென்று வருவோம்.

சொல் பற்றிய ஒரு குறிப்போடு தொடங்குவது பொருந்தும். தமிழ்நாட்டிலே 'சுற்றுலா' என வழங்குவதை ஈழத்துத் தமிழ் நீண்டகாலமாக 'உல்லாசப் பயணம்' என வழங்கி வந்துள்ளது. அதற்கு முந்திய சொல் 'யாத்திரை'. யாத்திரை செய்பவர் தாம் செல்லும் இடத்துக்குக் கடமைப்பட்டவராகச் செல்கிறார். உல்லாசப் பயணியோ கட்டணம் செலுத்தியவராக வருகிறார். 1966ஆம் ஆண்டில் உல்லாசப் பயணச் சபை சட்டப்படி அமைக்கப்பட்ட நாள்தொட்டு இத்துறை அரசின் வருவாய்த் துறையாகவே வளர்ந்தது. 2018ஆம் ஆண்டில் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இலங்கைக்கு வந்தனர். போரும் குண்டுவெடிப்பும் நோய்த்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் இடையிடையே தடையாயின எனினும், 2024இல் அத்தொகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இவர்களுள் மலைநாட்டுக்கு ஏறி வராதோர் சிலரே எனலாம்.

மலைநாட்டுக்கு ஏறும் வழி இருப்புப் பாதை. 1867இல் கண்டியை அடைந்த பாதை 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் சென்றது. கடல்மட்டத்திலிருந்து 1891 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலை இப்பாதையின் மிக உயர்ந்த நிலையம். சாளரத்தின் ஊடே தெரியும் காட்சிக்காகவே இப்பாதை வளைந்து வளைந்து செல்வதுபோற் பயணிக்குத் தோன்றும். வளைவுக்குக் காரணம் சரிவு. பாதைக்குக் காரணம் கோப்பி. மாட்டுவண்டிகளிற் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கிய கோப்பி மூட்டைகளுக்கு ஏற்பட்ட செலவும் தாமதமும் தோட்ட முதலாளிமாரைப் புகையிரதம் கோரச் செய்தன. பாதை மலையுச்சிப் பகுதிகளை எட்டியபொழுது கோப்பி அழிந்து தேயிலை வந்துவிட்டது. எனவே அது தேயிலைப் பெட்டிகளைச் சுமந்தது. மனிதர் ஏறி இறங்கி மகிழ்வதற்கென அமைந்த பாதை அன்று அது.

இனி, இயற்கை எனப்படுவதைச் சற்று நெருங்கி நோக்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மலைகள் பெருங்காடாக இருந்தன. 1820களிற் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிச் செய்கை 1830களின் பின்னர் வேகமாகப் பரவியது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் உரிமைப் பத்திரம் காட்ட இயலாத நிலங்களை அரசுடைமையாகக் கருத வழி செய்தது. சிங்களக் கிராமத்தவர் சேனைப் பயிர் செய்த நிலமும் மேய்ச்சல் நிலமும் இவ்வாறு கைமாறின. மலையகத்தின் துயரை எழுதும்போது தமிழ்த் தொழிலாளரை மட்டுமே நினைப்பது போதாது. நிலம் இழந்த கண்டியக் குடியானவனும் நிலமே இன்றிக் கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளியும் ஒரே பொருளாதார முறையின் இரு பக்கங்களில் நின்றவர்கள். அவர்களை ஒருவருக்கொருவர் பகையாக நிறுத்தியமை பிற்கால அரசியலின் திறமை.

1869இற் காணப்பட்ட இலைநோய் அடுத்து வந்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை வீழ்த்தியது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிற் தேயிலை நட்டிருந்தார். கோப்பி விட்ட இடத்தைத் தேயிலை நிரப்பியதோடு நில்லாமல் மேலும் உயரத்துக்கும் ஏறியது. இன்று பயணி 'பச்சைக் கம்பளம்' எனப் புகழ்ந்து படமெடுக்கும் மலைச்சரிவு இவ்வாறு உருவானது.

தேயிலை இயல்பில் ஒரு மரம் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். வெட்டாது விட்டால் வீட்டுக் கூரைக்கு மேல் வளர்ந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, வாரந்தோறும் கொழுந்து கிள்ளி, மட்டக்கம்பு வைத்து மட்டம் பார்த்து, அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பவை மனிதக் கைகள். சரிவில் மண் கரையாதிருக்கக் கான் வெட்டுவதும், வெட்டிய கான் தூர்ந்துபோகாது காப்பதும் அக்கைகளே. ஒரு தோட்டத்தைச் சில ஆண்டுகள் கைவிட்டுப் பார்த்தால் போதும், கம்பளம் புதராகிவிடும். ஆதலால் அட்டனிலிருந்து நுவரெலியா வரை கண்ணுக்குத் தெரியும் பசுமையை ஒரு கட்டடம் எனக் கூறுவதே பொருத்தம். நாள்தோறும் கட்டப்படும் கட்டடம் அது.

நுவரெலியா நகரமும் இத்தகையதே. 1868 மீற்றர் உயரத்திலுள்ள இவ்விடம் ஆங்கிலேயருக்குக் குளிர்ச்சியும் தாயக நினைவும் தந்தது. 1840களின் பிற்பகுதியில் சாமுவேல் பேக்கர் இங்கு ஆங்கிலப் பண்ணை வாழ்வை அமைக்க முயன்றார். 1870களில் ஆளுநர் கிரகறி காலத்தில் சதுப்பு நிலம் ஏரியாக்கப்பட்டது. விக்ரோறியாப் பூங்கா 1897இல் அரசியின் ஆட்சி விழா நினைவாகப் பெயர் பெற்றது. குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் ஏப்ரல் மாத 'வசந்த கால' விழா அந்த வாழ்வின் தொடர்ச்சியே. ஹக்கலைத் தாவரப் பூங்காவை ரோசா மலருக்காகக் காண்கிறோம். அது 1861இற் சிங்கோனாச் செய்கைக்காக நிறுவப்பட்டது. மலேரியாவுக்கு மருந்தான கொயினா தரும் மரம் சிங்கோனா. 'சின்ன இங்கிலாந்து' என இந்நகரைச் சுட்டும் விளம்பரத்தில் நாம் மகிழ்வதற்கு என்ன உண்டு என்பது எமக்கு விளங்கவில்லை.

உண்மையான காடு எஞ்சியிருப்பது உயரத்தில்தான். 1873ஆம் ஆண்டளவில் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாது என்னும் கொள்கை உருவானது. ஹோர்ட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் தப்பியதற்கு இதுவும் ஒரு காரணம். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் தரும் இடம் ஹோர்ட்டன் சமவெளி. 1988இல் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. நக்கிள்ஸ் மலைத்தொடரையும் சேர்த்து, மத்திய உயர்நிலங்கள் என்ற பெயரில் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இவை இடம்பெற்றன. அங்கு செல்வோர் காலையில் வானம் மூடுமுன் உலக முடிவு என்னும் பாறை விளிம்பைக் கண்டு திரும்புகின்றனர். மரை மேய்வதைக் காண்பதும் உண்டு. அக்காட்சியின் அருமையை நாம் மறுக்கவில்லை. காடு எது, தோட்டம் எது என்று பிரித்தறிந்தபின் காண்பது அவ்வருமையைக் கூட்டவே செய்யும்.

அருவிகளின் கதை இன்னும் சிக்கலானது. அட்டன் - நுவரெலியா வீதியில் தலவாக்கலைக்கு அண்மையில் சென்கிளையர், டெவன் எனும் இரு நீர்வீழ்ச்சிகள் உள. மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபோது சென்கிளையரின் நீர் மின்சாரத்துக்குத் திருப்பப்பட்டது. காட்சி கெடக்கூடாது என்பதற்காகப் பகல் வேளையில் மாத்திரம் ஓரளவு நீர் விடும் ஏற்பாடு செய்யப்பட்டது. பயணி காணும் பொழுதில் அருவியாயும் காணாத பொழுதில் பாறையாயும் நிற்கும் ஓர் இயற்கைக் காட்சி! அத்திட்டத்துக்காகத் தோட்டக் குடும்பங்களும் இடம்பெயர்க்கப்பட்டன.

டெவன் நீர்வீழ்ச்சியின் எதிரே வண்டிகள் நிறுத்தப்படும் இடத்திற் தேநீர் அருந்தியபடி படம் எடுப்போருட் பெரும்பாலானோர் டெவன் தோட்டத்தின் பெயர் தொழிலாளர் வரலாற்றில் வேறொரு காரணத்தாற் பதிந்திருப்பதை அறியார். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களாற் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், அவற்றிற் பெரும் நிலப்பரப்பு பிரித்துக் கொடுக்கப்படும் முயற்சிகள் நடந்தன. நுவரெலியாப் பகுதியில் 7000 ஏக்கர் பறிபோகும் நிலை எழுந்தபோது தொழிலாளர் எதிர்த்து நின்றனர். 1977 மே 11ஆந் திகதி டெவன் தோட்டத்திற் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் சிவனு இலெட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் சுடப்பட்ட கோவிந்தனைப் போல இவரையும் மலையக மக்கள் தியாகி என நினைவுகூருகின்றனர். நிலம் பறிபோவது நின்றது. நீர்வீழ்ச்சியின் உயரத்தை 97 மீற்றர் எனத் தவறாது குறிக்கும் வழிகாட்டி நூல்களில் இச்செய்தியை நாம் காணவில்லை.

கோயிலுக்கு வருவோம். இங்குதான் பயணிக்குக் காட்டப்படுவதற்கும் உள்ளதற்குமான வேறுபாடு மிகுதி.

2008ஆம் ஆண்டில் உல்லாசப் பயணத் துறை இராமாயணத் தலங்கள் என ஏறத்தாழ ஐம்பது இடங்களைத் தொகுத்து விளம்பரப்படுத்தியது. நுவரெலியா மாவட்டத்தில் ஹக்கலைக்கு அருகேயுள்ள சீத்தா எலியாவும், சின்மயா மிஷன் இறம்பொடையில் அமைத்த அனுமன் கோயிலும் இவ்வழியில் முதன்மை பெற்றன. சீத்தா எலியாவில் ஓடையிலிருந்து விக்கிரகங்கள் கண்டெடுக்கப்பட்டமை நூறாண்டளவிலான செய்தி எனக் கூறுவர். 2024 மே மாதத்தில் அயோத்தியிலிருந்து சரயு நீர் கொணர்ந்து அங்கு குடமுழுக்குச் செய்யப்பட்டது. இந்தியாவிலிருந்து வருவோர் தொகை ஏனைய நாட்டவரினும் மிகுந்தமையால் இத்தலங்களுக்கு வணிக மதிப்பும் மிகுந்தது. இதிகாசக் கதையை நிலப்படத்திற் பொருத்துவதன் வரலாற்றடிப்படையை இலங்கை அறிஞர் பலர் மறுத்துள்ளனர். அவ்வழக்கை நாம் இங்கு எடுத்துப் பேசப் போவதில்லை. நம்பிக்கையோடு வருவோரிடம் வரலாற்றுச் சான்று கேட்பது பயனற்றது. எமது குறை வேறு. அயோத்தியிலிருந்து இவ்வளவு தொலைவு வந்து சீதையின் சிறைவாசத்துக்கு உருகும் அன்பர், அதே சரிவின் தோட்டங்களிலுள்ள நூற்றுக்கணக்கான சிறு கோயில்களுள் ஒன்றையேனும் காணாது திரும்புகிறார் என்பதே அது.

தோட்டக் கோயில் ஒரு வரலாற்று ஆவணம். லயத்தைக் கட்டியது தோட்ட நிருவாகம். கோயிலைக் கட்டியது தொழிலாளர். முதலில் மரத்தடியிற் கல்லும் சூலமும் இருந்தன. பின்னர் தகரக் கூரை வந்தது. மாதச் சம்பளத்திற் கோயிற் பணம் பிடிக்கப்பட்டுச் சேர்ந்த தொகையில் மண்டபமும் கோபுரமும் எழுந்தன. பெரும்பாலான தோட்டங்களில் முதலிடம் மாரியம்மனுக்கே. இதன் காரணம் புலம்பெயர்வின் வழியிலேயே கிடக்கிறது. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து புறப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து தம்புள்ளை ஊடாக மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பசியும் அவ்வழியில் எடுத்த உயிர்கள் எண்ணற்றவை. அம்மையைத் தணிப்பவளும் மழையைத் தருபவளுமான தெய்வத்தை அவர்கள் உடன் கொணர்ந்தமை இயல்பே. நடைவழி முடியும் இடத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் நிற்கிறது. மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும் அக்கோயில் 1983 யூலை வன்செயலிற் சேதமுற்று மீண்டும் எழுந்தது. 1823இலிருந்து கணக்கிட்டு இருநூறாண்டு நிறைவை 2023இல் நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவ்வழியே மக்கள் நடந்தனர். அந்நடை உல்லாசப் பயணமும் அன்று, வெறும் யாத்திரையும் அன்று.

மாரியம்மனும் முருகனும் ஊரிலிருந்து வந்த தெய்வங்கள். தோட்டத்திலேயே பிறந்த தெய்வங்களும் உள. கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கத்தியை வைத்து வணங்கப்படுபவர் கவ்வாத்துச்சாமி. தேயிலைத் தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்தருகே காவல் நிற்பவர் ரோதைமுனி. 'ரோதை' என்பது சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. தமிழ்நாட்டு எல்லைக் காவலனான முனி, போர்த்துக்கேயப் பெயர் தாங்கி, பிரித்தானிய இயந்திரத்தைக் காத்து நிற்கிறார். கையையும் விரலையும் பறிக்கவல்ல இயந்திரத்தின் முன் அச்சம் கொண்ட மனிதன் அதனோடு செய்துகொண்ட உடன்பாடு இது. தொழிலின் ஒவ்வொரு கூறும் இங்கு தெய்வமாகியுள்ளது. சமூகவியல் மாணவருக்கு இதனினும் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. ஆயினும் எந்த உல்லாசப் பயண நிரலிலும் ரோதைமுனிக்கு இடமில்லை.

கோயிலைப் புகழ்வதோடு நின்றுவிடுவதும் தகாது. பல தோட்டங்களில் முதல்மரியாதையும் திருவிழாக் கடமைகளும் சாதி முறைப்படியே நெடுங்காலம் பங்கிடப்பட்டன. பெரிய கங்காணியின் செல்வாக்கு வழிபாட்டு உரிமைகளிற் பதிந்து கிடந்தது. தப்படிப்போர் கோயிலின் எந்த எல்லைவரை வரலாம் என்பது பற்றிய பூசல்கள் பல. லயத்திற் சுவரோடு சுவராக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தோர் கோயில் வாசலிற் பிரிந்து நின்றனர். தொழிற்சங்கமும் கல்வியும் இதைத் தளர்த்தியுள்ளன எனினும் முற்றாக நீக்கிவிடவில்லை.

மஸ்கெலியாவுக்குச் செல்லும் பயணி மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையிற் சிறிது நேரம் நிற்றல் நன்று. 1960களின் பிற்பகுதியில் இத்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மறைந்தது. கடும் வரட்சியில் நீர்மட்டம் தாழும்போது இந்துக் கோயில், பௌத்த விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் மேலே தோன்றுகின்றன. மூன்றும் அருகருகே இருந்தன என்பதற்கு நீரே சாட்சி.

அங்கிருந்து நல்லதண்ணி வழியாக ஏறும் சிவனொளிபாதமலையும் அவ்வாறே பலருக்கும் உரியது. 2243 மீற்றர் உயரமுள்ள அதன் உச்சியிலுள்ள சுவடு பௌத்தருக்குப் புத்தர் பாதம்; சைவருக்குச் சிவன் பாதம்; முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம். கிறித்தவருட் சிலர் தோமையாரை நினைப்பர். பதினான்காம் நூற்றாண்டில் மொறோக்கோ நாட்டு இபுன் பத்தூத்தா இம்மலையேறினார். மார்கழி முழுமதியிலிருந்து வைகாசி முழுமதிவரை நீடிக்கும் யாத்திரைக் காலத்தில், இரவு முழுதும் ஏறிச் சூரியோதயம் காண்போரிடையே சிங்களக் கிராமத்தவரும் தோட்டத் தொழிலாளரும் ஒரே படியில் மூச்சு வாங்குவதைக் காணலாம். இன உறவு பற்றிய பல கருத்தரங்குகளிற் கிடைக்காத காட்சி அது.

பண்பாடு என்பதற்கு மலையகத்திற் சிறந்த எடுத்துக்காட்டு காமன் கூத்து. மாசி மாத அமாவாசையை அடுத்துக் கம்பம் ஊன்றப்படும். இரதியும் மன்மதனும் திருமணக் கோலத்தில் லயம் லயமாகச் செல்வர். தூதன், வீரபத்திரன், யமன் முதலியோர் வந்து ஆடுவர். முழுமதியை ஒட்டிய இரவிற் சிவனின் நெற்றிக்கண்ணாற் காமன் எரிவான். இரதியின் புலம்பல் விடியும்வரை நீளும். பின்னர் காமன் உயிர்பெற்றெழுவான். ஒரு தோட்டத்தின் ஆடவர் பெரும்பாலோர் ஏதேனுமொரு வேடத்திலோ வாத்தியத்திலோ பங்குகொள்ளும் இக்கூத்தில் பார்வையாளர் என்ற தனி இனம் இல்லை. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியனவும் ஆடப்படுவதுண்டு. ஆயினும் கணவனை இழந்து புலம்பும் இரதியின் குரலில், இளமையிற் கணவரையும் பிள்ளைகளையும் மண்ணுக்குள் வைத்த பெண்களின் ஒப்பாரி கலந்தமையாற் காமன் கூத்தே இம்மக்களின் நெஞ்சில் ஆழ ஊன்றியது என நாம் கருதுகிறோம்.

இக்கூத்துக்கு முழங்கும் தப்பு, ஒரு காலத்தில் விடியற்காலையிற் பெரட்டுக்குத் தொழிலாளரை எழுப்பிய அதே தப்பு. சாவுக்கும் அதுவே. வேலைக்கும் விழாவுக்கும் இழவுக்கும் ஒரே கருவி ஒலித்த ஒரு சமூகத்தின் இசை அது. விடுதி முற்றத்தில் இரவுணவின்போது பத்து நிமிட நிகழ்ச்சியாக அது அடிக்கப்படுமானால் ஒலி மிஞ்சும், பொருள் போய்விடும். தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து, ஆங்கிலத்திலும் தமிழிலும் மலையக வாழ்வை எழுதிய சி. வி. வேலுப்பிள்ளை அவர்களின் பணி இவ்விடத்து நன்றியுடன் குறிக்கத்தக்கது. பாடல்களைப் பாடியோரின் உழைப்போடு பிரிக்காமற் பார்த்தவர் அவர்.

இனித் தங்குமிடம். தேயிலைத் தோட்டங்களிற் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் அண்மைப் பதின்மங்களிற் செலவுமிக்க விடுதிகளாகியுள்ளன. நோர்வூட்டுக்கு அருகே காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த பங்களாக்கள் 2005 முதல் அவ்வாறு மாறின. கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையே விடுதியாயிற்று. வெள்ளுடை தரித்த பணியாளர், மாலைத் தேநீர், கணப்படுப்பு ஆகியன பழைய துரையின் வாழ்வை ஓரிரு நாட்களுக்கு வாடகைக்குத் தருகின்றன. பங்களாவின் புல்வெளியிலிருந்து பள்ளத்தே தெரியும் தகரக் கூரைகள் லயங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா என வெள்ளையர் காலத்தில் வகுத்த அமைப்பு மாற்றமின்றி நிற்கும் தோட்டங்கள் பல. பழைய வாழ்வைப் பேணிக் காத்தல் மரபுரிமை எனின், லயத்தைப் போலப் பேணப்பட்ட மரபுரிமை வேறில்லை!

கூலி விபரத்தையும் பயணி அறிந்திருத்தல் தகும். 1000 ரூபா நாட்சம்பளம் பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இற் கிடைத்தது. 2024 செப்டெம்பரில் அது 1350 ஆயிற்று. பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து எடுத்தாலே முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். படமெடுக்கப் பணம் கேட்கும் பெண்ணைப் பற்றி முறையிடும் பயணியர், தாம் நிறுத்தி வைக்கும் ஒவ்வொரு நிமிடமும் கிலோக் கணக்கிற் குறைகிறது என்பதை எண்ணுவதில்லை. அட்டைக்கடியும் மழையும் சரிவும் அவருக்கு அனுபவம். அவளுக்கு வேலை நிலைமை. சரிவு சில வேளைகளிற் கொலையாளியும் ஆகும். 2014 ஒக்டோபர் 29இற் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மண்சரிவுகளில் மலையகம் மீண்டும் பேரிழப்பைச் சந்தித்தது. ஆபத்தான சரிவிலிருந்து எழுந்து செல்ல நிலவுரிமை வேண்டும். அதுவே இம்மக்களுக்கு இல்லாதது.

இந்நிலைக்கு அரசியல் வேர் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பேசுவோம் என ஒத்திவைத்தது. நாடற்றோர் நிலை சட்டப்படி நீங்கியது 2003இலேதான். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நுவரெலியா மாவட்ட மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இம்மக்களே. தமிழ்நாட்டிலிருந்து வரும் பயணிக்கு ஒன்று சொல்லலாம். அனுப்பப்பட்டோரிற் பலர் நீலகிரியில் அவர்களுக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிற் குடியேறினர். உதகைக்கும் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் உல்லாசம் சென்றபோது அவர் படமெடுத்த பெண்ணும், நானுஓயாவிற் படமெடுக்கும் பெண்ணும் உறவினராயிருத்தல் கூடும்.

இவற்றையெல்லாம் கூறுவதால் உல்லாசப் பயணத்தையே நாம் வெறுத்தொதுக்குவதாகக் கொள்ளலாகாது. முற்போக்காளருட் சிலர் அவ்வாறு கூறுவர். தோட்ட வேலையை விட்டு வெளியேறும் இளைஞருக்கு முச்சக்கரவண்டி ஓட்டுதலும் வழிகாட்டுதலும் விடுதிப் பணியும் கொழும்புக் கடைச் சிற்றூழியத்தினும் மேலானவை என்பதை மறுப்பதற்கில்லை. கேள்வி, அவர்கள் இத்துறையில் ஊழியராக மட்டும் இருப்பதா என்பதே. சொந்தக் காணியும் வீடும் இருப்பவனே ஓர் அறையைப் பயணிக்கு வாடகைக்கு விட முடியும். தோட்டத்துக்குரிய காம்பராவில் இருப்பவன் அதைச் செய்ய இயலாது. ஆகவே நிலவுரிமைக் கோரிக்கைக்கும் உல்லாசப் பயணத்துக்கும் நேர்த் தொடர்பு உண்டு. தம் கதையைத் தாமே சொல்லும் வழிகாட்டிகளை அத்தோட்டங்களிலிருந்தே பயிற்றுவிப்பது பல்கலைக்கழகங்களாற் செய்யக்கூடிய பணி.

அதற்கான தொடக்கம் ஒன்று உளது. கண்டிக்கு அண்மையில் ஹந்தானையில் 1925இற் கட்டப்பட்ட நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பழைய உருளை இயந்திரங்களையும் ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களையும் அங்கு காணலாம். அதை நாடிப் பயணியர் பலர் செல்கின்றனர். கம்பளைக்கு அண்மையில் பழைய பீக்கொக் தோட்டத்து லயமொன்றில் மற்றுமொரு நூதனசாலை உண்டு. கண்டிச் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அமைத்த அதனுள் தொழிலாளர் புழங்கிய பாத்திரங்களும் கருவிகளும் வாத்தியங்களும் ஆவணங்களும் வைக்கப்பட்டுள்ளன. காம்பராவின் அளவை அங்கு உள்ளே நின்றே அறியலாம். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு வீதிவழி செல்லும் பயணி கம்பளையைக் கடந்தே செல்ல வேண்டியிருத்தலால், அதற்கு ஒரு முற்பகல் போதுமானது.